எண்ணூற்று இருபது வந்தால் எல்லோரும் வந்தாயிற்று

மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் டூர் போனோம். பஸ் பிடிப்பது, புளிசாதம் கட்டுவது என்று ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ள, எதற்கும் லாயக்கில்லாத எனக்கு ஆள் எண்ணும் வேலை வந்தது. சாஃப்ட்வேர்காரன் விரல்விட்டு எண்ணுவானா? முதல் நாளே செல்போனில் ஒரு புரோகிராம் எழுதிவிட்டேன்.

நாற்பது பேருக்கும் ஒன்று முதல் நாற்பது வரை நம்பர். ஏறும்போது அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும், நான் தட்டிக்கொள்வேன். போன பட்டியலும் வந்த பட்டியலும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு எண்ணாகத் தேடுவது எனக்குக் கேவலமாகப் பட்டது. மொத்தமாகக் கூட்டிவிட்டால்? எண்ணூற்று இருபது வந்தால் எல்லோரும் வந்தாயிற்று. ஒரே ஒப்பீடு, வேலை முடிந்தது. ஆபீஸில் இதையே செய்தால், கூட்டுத்தொகை தற்செயலாக ஒத்துப்போய்விடாமலிருக்க, ஒவ்வொரு எண்ணுக்கும் பதிலாகப் பெரிய தாறுமாறான எண் ஒன்றை வைத்துத்தான் கூட்டுவேன். ஒருமுறை வந்த எண் மறுபடி வந்தால் சேர்க்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இவ்வளவு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

திரும்பும்போது கோவளத்தில் டீக்கு நிறுத்தினோம். மூன்றாம் நம்பரும் நான்காம் நம்பரும் ரிட்டயரான தம்பதி. ஏறி நம்பர் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார்கள். மறுபடி ஏறி, பொறுப்பாக மறுபடியும் சொன்னார்கள். நானும் பொறுப்பாகத் தட்டினேன். திரையில் எண்ணூற்று இருபது, பச்சை நிறத்தில்.

"இன்னா சார், அல்லாரும் வந்துட்டாங்களா? ஒரு வாட்டி தலய எண்ணிடு சார்," என்றார் டிரைவர்.

"அதெல்லாம் வேணாம்ணா. போன்லயே பாத்தாச்சு. நீங்க எடுங்க."

சோழிங்கநல்லூர் சிக்னலில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. என் மனைவி, டீக்கடைக்காரரின் போனில். அவளுடைய போன் என் பையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் நம்பர் ஏழு. மூன்றும் நான்கும் இரண்டாம் முறை சேர்ந்து அந்த ஏழின் இடத்தை நிரப்பிவிட்டன. நாற்பது பேர் போய் நாற்பத்தொரு பேர் வந்ததாகப் பதிவாகியிருந்ததையும் நான் பார்க்கவில்லை. அவளோடு உட்கார்ந்து வந்த பின்சீட்டுப் பெண்கள் அவள் முன்னால் என்னோடு இருப்பதாக நினைத்திருந்தார்கள். நான் எதையும் நினைத்திருக்கவில்லை. புரோகிராம் எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் திரும்பியது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் மூன்றையும் நான்கையும் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றாள். "கிளம்பறப்ப ஒரு தடவ பின்னாடி திரும்பிப் பாத்திருந்தா போதும்ல?"

அவள் ஏறி உட்கார்ந்ததும் நான் படியருகிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். நாற்பது முகத்துக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.