சத்தம் பிந்தி வரும் கிற்றார்

கிற்றாரின் சத்தத்தைக் காலால் அமத்தி மாற்றுகிற பெடல்களை மற்றவர்கள் கடையில் வாங்குகிறார்கள். நான் செய்தேன். செய்ய வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாடுகிறவர்கள் பதினான்கு பேர். அவர்களுக்குப் பக்கத்தில் நான் கிற்றாரோடு நின்றால் போதும். ஆனால் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு மின்வேலை பார்க்கிறவன் ஒரு பொருளைப் போய் வாங்குவதா? அது எனக்கு மானப் பிரச்சினை.

சிகரெட் பெட்டி அளவில் ஒரு சின்னக் கணினி. அதற்குள் அதை இயக்க லினக்ஸ் என்ற மென்பொருள். அதைப் பொருத்த மீன்பெட்டிப் பலகை ஒன்று. மூன்று தரம் கழுவினேன். இருந்தும் கணினி சூடானவுடன் சூரை மீன் மணத்தது. காலால் அமத்தும் பொத்தான் ஊரில் கிடைக்கவில்லை. பழைய பாரந்தூக்கியில் கழித்துப்போட்ட பொத்தான்கள் நாலைக் கேட்டு வாங்கிப் பூட்டினேன். பத்துத் தொன் பாரத்தைத் தூக்கவும் இறக்கவும் செய்த பொத்தான்கள். அமத்தினால் கோயில் முழுக்க ‘டொக்’ என்று கேட்கும். முதல் ஞாயிறு நான் சத்தம் மாற்ற அமத்தியபோது முன்வரிசையில் இருந்த மூன்று பேர் பூசை மணி என்று நினைத்து முழங்காலில் நின்றார்கள்.

லினக்ஸ் என்னை மதிக்கவில்லை. நான் ஒரு கட்டளை எழுதுவேன். அனுமதி இல்லை என்று அது திருப்பி எழுதும். லிங்கநகரில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நானே வாங்கிவந்த பொருளிடம் நான் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன். குசினிக்குள் நின்ற மனைவி, “ஆரோடை சண்டை பிடிக்கிறீங்கள்?” என்று கேட்டாள்.

“கொம்பியூட்டரோடை.”

“அது என்ன சொல்லுது?”

“ஏலாதாம்.”

“அது விளங்கின சாமான்தான்,” என்றாள்.

இந்த மனைவிதான் பாடகர் குழுவுக்குத் தலைவி. அந்த வருடம்தான் பொறுப்பு அவள் கைக்கு வந்திருந்தது. திருவிழாப் பூசைக்கு ஆயர் வருவார். அவர் முன்னால் குழுவைப் பாடவைப்பதுதான் அவளுக்கு அந்த வருடத்தின் பெரிய காரியம். கண்ணாடிக்கு முன்னால் நின்று வெறுங்கையால் தாளம் காட்டிப் பழகினாள். நான் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. பொத்தானுக்கு வயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் ஒரே ஒரு குறை. சத்தம் பிந்தி வந்தது. கணினி கிற்றாரின் ஒலியை வாளி வாளியாக அள்ளி, மாற்றி, அப்புறம்தான் வெளியே ஊற்றும். வாளியைச் சின்னதாக்கினால் அதற்கு ஓடி ஓடி அள்ள முடியாமல், தாச்சியில் கடுகு வெடிக்கிற மாதிரிப் படபடவென்று கேட்கும். பெரிதாக்கினால் ஒலி சுத்தம். ஆனால் தந்தியைத் தட்டி, நான் ஒரு முறை கண் இமைத்த பிறகுதான் சத்தம் வரும். ஆண்டவர் சந்நிதியில் கடுகு வெடிக்கக்கூடாது என்று நான் பெரிய வாளியைத் தெரிந்தெடுத்தேன்.

பிந்துகிறதென்று மனைவிக்குத் தெரிந்தது. என் மனம் நோகக்கூடாதென்று எனக்குச் சொல்லாமல், கிற்றார் கேட்ட பிறகு வாயைத் திறக்கும்படி குழுவுக்குச் சொல்லிவைத்தாள். நானும் அவளுக்குச் சொல்லாமல், பிந்துவதைச் சரிக்கட்ட முந்தியே தட்டத் தொடங்கினேன். விளைவு விபரீதம். நான் முந்த, அவர்கள் நின்றார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று நான் தயங்க, அவர்கள் இன்னும் கொஞ்சம் நின்றார்கள். ஆளுக்காள் மரியாதை கொடுத்து வாசலில் நிற்கிற விருந்தாளிகளைப் போல எல்லோரும் ஒவ்வொரு வரியின் வாசலிலும் நின்றோம். பாட்டு நீண்டது. ஒத்திகை நடந்த மண்டபத்துக்குள், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று வந்து, கதிரையில் கிடந்த பாட்டுத்தாளைத் தின்று முடித்துவிட்டுப் போனது. நாங்கள் அப்போதும் இரண்டாம் சரணத்தில் இருந்தோம்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“காணிக்கை எடுத்து முடிஞ்சு, நான் கையும் கழுவிப்போட்டு நிக்கிறன். உங்கடை பாட்டு முடியுதில்லை. திருவிழாவுக்கு ஆயர் வாறார். இப்பிடி இழுபட்டால் நான் பக்கத்துப் பங்கிலை இருந்து ஆக்களைக் கூப்பிட வேண்டி வரும், பிள்ளை.”

பிள்ளை என்று அவர் சொன்னது என் மனைவியை. குற்றவாளி நான். அவள் “ஓம், ஃபாதர்” என்றாள். கிற்றாரை மட்டும் வாசிக்கிறேன், பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை. திருவிழாவுக்குள் சரிசெய்கிறேன் என்றேன். தேவையில்லாத நேரத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

திருவிழா அன்று காலை பலகையை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எல்லா வயரும் கொழுவி, மின்சாரம் கொடுத்தேன். சிவப்பு விளக்கு வந்தது. பக்கத்தில் மினுங்க வேண்டிய பச்சை விளக்கு வரவில்லை. கழற்றிக் கொழுவினேன். வரவில்லை. குனிந்து ஊதினேன். சூரை மணம்கூட வரவில்லை. மணி அடித்தது. ஆயர் வாசலுக்கு வந்துவிட்டார். என் மனைவி கையை உயர்த்தினாள்.

என்ன செய்வது? ஒலிபெருக்கிக்குப் போகிற ஒரே வழி அந்தப் பெட்டிதான். கிற்றார் வயரைப் பெட்டியோடேயே ஈயம் வைத்து ஒட்டியிருந்தேன்; நேராகக் கொழுவ வேறு வயர் கொண்டுவரவில்லை. பெட்டி இருக்க அது எதற்கு என்ற நினைப்பு. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் சத்தமே வராத மின்கிற்றாரை வாசித்தேன். கால் பொத்தானை டொக்கென்று அமத்தினேன். முகத்தைச் சுளித்தேன், தலையை ஆட்டினேன். கீழே பார்க்க விளக்கு இல்லாததால் முதல் தடவையாக நிமிர்ந்து அவளுடைய கையைப் பார்த்தேன். குழுவும் அந்தக் கையைத்தான் பார்த்தது. காத்திருக்க ஒன்றும் இல்லாததால் பதினான்கு வாயும் ஒன்றாகத் திறந்தன. பாட்டு எழும்பிப் போனது. ஆயர் கை கழுவி முடிக்கவும் காணிக்கைப் பாட்டு முடியவும் சரியாக இருந்தது.

பூசை முடிந்ததும் ஆயர் எங்களிடம் வந்தார். பலகையைக் குனிந்து பார்த்தார்.

“நீங்களே செய்தனீங்களோ? நல்ல அளவாய் இருந்தது. மற்ற இடங்களிலை கிற்றார் பாட்டை அமத்திப்போடும்.”

நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அவர் போனதும் மனைவி செபமாலைச் சிமிழைத் திறந்தாள். சின்னி விரல் நகமளவில் ஒரு கறுப்பு அட்டை உள்ளே கிடந்தது. லினக்ஸ் முழுவதும் இருப்பது அதற்குள்தான்; அது இல்லாவிட்டால் கணினி வெறும் தகடு.

“நீர் எடுத்தனீரோ?”

“நீங்கள் குளிக்கேக்கை. இண்டைக்கு ஒருநாள் என்ரை கையைப் பாத்து அவை பாட வேணுமெண்டு ஆசைப்பட்டனான். கோவமோ?”

கோபம்தான். ஆயர் முன்னால் என்னைக் கோமாளியாக்கிய கோபம். ஆனால் அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. அவளுக்கு இவ்வளவு ஆசை இருந்ததை ஒரு ஒத்திகையிலும் நான் கவனிக்கவில்லை. அந்த வெட்கம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

“நான் இண்டைக்கு ஒரு இடத்திலையும் பிந்தேல்லை. ஆருக்கும் கேட்டிராது.”

“கேக்கேல்லை,” என்றாள். “நான் கண்டனான்.”