சிரிக்காதீங்க சார்!

நோயாளியிடம் "சிரிக்காதீங்க" என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிற உத்தியோகம் என்னுடையது: டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றின் கதிர்வீச்சுப் பிரிவில் முகமூடி செய்கிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்து பழகிய உங்களுக்கு ஆஸ்பத்திரியை விளக்க வேண்டாம், முகமூடியை மட்டும் சொல்கிறேன்.

வாயை மூடிய நாள்

வாயில் புற்றுநோய் வந்தவர்களுக்கு, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் போர்த்தி இறுக விடுவோம். சிகிச்சையின்போது தலை அசையாமல் அதுதான் மேஜையோடு பிடித்து வைக்கும். லக்ஷ்மிபாய் நகர் ராமநாதன் சாருக்கு முப்பது நாள் சிகிச்சை. படுக்க வைத்து, "சிரிக்காதீங்க சார்" என்று சொல்லி வலையைப் போட்டேன். கதவோரம் நின்ற அவர் மனைவி சும்மா இருக்கவில்லை.

"முப்பத்தெட்டு வருஷமா இவர் வாயை மூட என்னால முடியல. அச்சா, நல்லா டைட்டா மூடும்மா!"

முகமூடி விடவில்லை

வலைக்குள் அவர் சிரித்ததை நான் கவனிக்கவில்லை. சிகிச்சை தொடங்கிய அன்று முகமூடி கன்னத்தில் உட்காரவே இல்லை. சார் லேசாகச் சிரித்ததும் கச்சிதமாகப் பொருந்தியது. புதிதாகச் செய்தால் ஸ்கேனிலிருந்து எல்லாம் மறுபடி, ஒரு வாரம் வீண். தாடை சரியாக இருக்கிறது, இப்படியே போகட்டும் என்றார் டாக்டர். எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும், "சிரிங்க சார்." மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. அன்று கோபமாக வந்து படுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். வெளியே வந்து சொன்னார்:

"நாளையிலேருந்து வரமாட்டேன்னு சொல்லத்தான் வந்தேன். சிரிச்ச மூஞ்சியோட அதை எப்படிம்மா சொல்றது?"

இரண்டாவது முகமூடி

இருபதாம் நாள் முகமூடி தொளதொளத்தது. அவ்வளவு இளைத்துவிட்டார். வேறு வழியில்லை, புதிது செய்தே ஆக வேண்டும். அதே மேஜை, கதவோரம் அதே மனைவி.

"போன தடவை மாதிரி ஏதாவது சொல்லேன். சிரிச்ச மூஞ்சியா அமைஞ்சா பாக்கி பத்து நாளும் வந்துடுவேன்" என்றார் சார் மனைவியிடம், ஒவ்வொரு வார்த்தையாக.

அந்த அம்மாள் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. "சிரிக்காதீங்க" என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வலையோடு நான் குனிந்தபோது, புண் வாயோடு அவரே சிரித்தார்.

"என் வாயை மூடச் சொன்னா, இவ வாயை மூடிட்டியேம்மா!"

சிரிப்பு நோயைத் தீர்த்ததா என்று அடுத்த ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். வரமாட்டேன் என்றவரை முப்பதாவது நாள்வரை வரவழைத்தது என்று மட்டும் நான் சொல்வேன்.