ஓட்டை விடத் தெரியாதவர்

மோட்டார் ரிப்பேர் கடையில் கம்பிக் காயில் சுற்றுகிறவருக்கு நாளாக ஆக வாய் சுருங்கி விரல் மட்டும் வேலை செய்யும். நம் காயில்காரருக்கும் அப்படித்தான் ஆயிற்று. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியை ஒன்றோடொன்று ஒட்டினாற்போலச் சுற்றி, சுற்றுகளை வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். நடுவில் யாராவது பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடியும் முதலிலிருந்து சுற்ற வேண்டும். அதனால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கல்யாணப் பேச்சை எடுக்கவும் யாருக்கும் தோதுப்படாமலே நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது.

அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போனார். போன வேலை அரை நாளில் முடிந்தது. ஆனால் அங்கிருந்த நர்ஸம்மாவைப் பார்க்க எட்டு மாதம் ஏதாவது காரணம் சொல்லிப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் கட்டிக்கொண்டார். கணவரை இழந்தவர் அவர். ஒன்பது வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன்.

பிள்ளைகள் அவரிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அதுதான் மனிதருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார்கள், கேட்டால் பதில் சொன்னார்கள், அவர் உள்ளே வந்தால் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த அவர்களுடைய பெரியம்மா நேரடியாகவே கேட்டுவிட்டார்: "ஒட்டலைன்னா கொஞ்ச நாள் எங்க வீட்டுலயே இருக்கட்டுமே?" மனைவியும் யோசித்துவிட்டு, "இந்த ஞாயித்துக்கிழமை எனக்குப் பகல் டியூட்டி. நீங்க மூணு பேரும் தனியா இருந்து பாருங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

காயில்காரர் சனிக்கிழமையே ஒரு பொம்மைக் கடையில் டப்பா ஒன்று வாங்கி வைத்திருந்தார். வளையம், நூல், பாசிமணி, இறகு, செய்முறைத் தாள். ட்ரீம் கேட்சராம். தலைமாட்டில் மாட்டினால் கெட்ட கனவு வலையில் சிக்கிக்கொள்ளும், நல்ல கனவு ஓட்டை வழியாகத் தலையணைக்கு இறங்கும் என்று ஞாயிறன்று பெண் எழுத்துக்கூட்டாமல் படித்துக் காட்டினாள்.

அவள் படித்து முடிப்பதற்குள் மனிதரின் கை வேலையைத் தொடங்கிவிட்டது. நூலைப் பிடித்தார், எண்ண ஆரம்பித்தார். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. கால் மணி நேரத்தில் வளையம் முழுக்க நூல் நெருக்கமாக ஏறி, பானை மூடி மாதிரி ஆகிவிட்டது. அவருக்கோ பெருமை பிடிபடவில்லை.

பையன் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். "ஒண்ணுமே தெரியல."

"நல்ல கனவு எப்படி வரும்?" என்றாள் பெண். பிறகு தாளை மடித்துக்கொண்டே, "எல்லாத்தையும் நீங்களே பண்ணிட்டீங்க" என்றாள்.

பையனுக்கு உதடு பிதுங்கியது. "பெரியம்மாகிட்டப் போலாமா அக்கா?"

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சமாளிக்கவும் தெரியாது, சாக்குச் சொல்லவும் வராது. "தப்பு என்னுதுதான் கண்ணு. கம்பி நெருக்கமா இல்லன்னா மோட்டார் எரிஞ்சிடும். இந்தக் கைக்கு அது மட்டும்தான் தெரியும். ஓட்டை எப்படி விடணும்னு நீயே சொல்லு, நான் கேக்குறேன்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் வளையத்தைத் திருப்ப, பெண் நூலை ஒரு அட்டையில் சுற்ற, அவர் சிக்கெடுத்தார். மறுபடி பின்னும்போது அவள் மேஸ்திரி ஆகிவிட்டாள். "இழுக்காதீங்க. இன்னும் லூசா விடுங்க." இழுக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பையன் தன் பங்குக்குப் போட்ட ஓட்டையில் ஒரு ஆரஞ்சுப் பழமே நுழையும். அதை யாரும் பிரிக்கவில்லை.

"உங்களுக்குக் கெட்ட கனவு வருமா?" என்று அவன் கேட்டான்.

"வரும்."

"பேயா?"

"பேயெல்லாம் இல்ல. நீங்க ரெண்டு பேரும் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புறீங்க. நான் கூப்பிடுறேன், சத்தமே வர மாட்டேங்குது."

பெண் பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குப் பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தார். "என்னடா செல்லம், கிளம்பலாமா?"

"இன்னும் இறகு கட்டல பெரியம்மா. நாங்க வரல" என்றாள் பெண், தலையை நிமிர்த்தாமலே. பெரியம்மா மூன்று பேரையும் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

இறகு கட்டி முடித்ததும் பெண் நாற்காலியை இழுத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளைகள் அறைக்குத்தான் என்று அவர் பின்னாலேயே போனார். அவள் அதைத் தாண்டிப்போய், அவர் கட்டிலின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு ஏறினாள்.

"உங்க அறை அந்தப் பக்கம்மா."

"எங்களுக்கு வேற ஒண்ணு பண்ணிக்கலாம்" என்றாள் அவள், ட்ரீம் கேட்சரை ஆணியில் மாட்டிக்கொண்டே. "பெட்டியைத் தூக்கிட்டுப் போற கனவு உங்களுக்குத்தானே வருது."

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. அவளுக்கு, தம்பிக்கு, டியூட்டியில் இருக்கிற அவர்கள் அம்மாவுக்கு, வற்புறுத்தாமல் திரும்பிப்போன பெரியம்மாவுக்கும்கூட. அவள் இறங்கும்வரை நாற்காலி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.