கொக்குக் குஞ்சின் ரத்தமும் கல்யாணத்து ஐஸும்

அன்று விடியற்காலையில் பனமலை ஏரிக்குள் இறங்கியவர்கள் மூன்று பேர்: டாக்டரம்மா, ஜீப் டிரைவர், நான். ஆய்வுக்கூடத்து உதவியாளர் வரவில்லை. அவருக்குக் காய்ச்சல். ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களைக் குளிரில் வைத்துக் காப்பது அவர் வேலை. இரண்டாவது ஐஸ் பெட்டியும் அவரோடு நின்றுவிட்டது.

ஏரிக்குள் இருந்த கருவேல மரங்களில் மடையான் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. முந்தைய மழைக்காலத்தில் சுற்று ஊர்களில் பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் கண்டிருந்தது. கொசு கடித்துப் பரவும் அந்தக் கிருமி இந்தப் பறவைகளின் உடம்பிலும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருந்தோம். பெரிய பறவை எந்த ஊரில் கடிபட்டதோ, யார் கண்டது? குஞ்சோ, பிறந்த மரத்தைவிட்டு நகர்ந்ததில்லை. அதன் ரத்தத்தில் தடயம் இருந்தால் கிருமி இந்த ஏரியில், இந்தப் பருவத்தில் உலவுகிறது என்று பொருள். இன்னும் சில நாளில் குஞ்சுகள் பறந்துவிடும். அன்றைய ரத்தம் கெட்டுப்போனால் அடுத்த வருஷம்தான், அதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிடும்.

நான் மரமேறிக் குஞ்சுகளைத் துணிப்பையில் போட்டு இறக்குவேன். பயந்த கொக்குக் குஞ்சு தின்றதையெல்லாம் கக்கிவிடும். என் சட்டையெல்லாம் பாதி செரித்த மீன்.

“இன்னாப்பா, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணவருக்கு மீன் கொழம்பு ரெடியா?” என்று டிரைவர் கீழேயிருந்து கேட்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் உத்தியோகத்தை ஊராரிடம் எப்படி விளக்குவதென்று நைனாவுக்குப் பிடிபடவில்லை. “கொக்குக்கு ஊசி போடுறான்” என்று பெருமையாகவே சொல்லிவந்தார்.

இறக்கைக்கு அடியில் ஓடும் ரத்த நாளத்தில் டாக்டரம்மா மெல்லிய ஊசியால் கொஞ்சம் ரத்தம் எடுப்பார். குஞ்சை மறுபடி அதன் கூட்டிலேயே வைத்துவிட்டு வருவேன்.

செஞ்சிக் கடைத்தெருவுக்கு வந்ததும் ஜீப் நின்றுவிட்டது. சாயங்காலம் ஆகும் என்றார் மெக்கானிக். பெட்டியில் ஐஸ் தண்ணீராகியிருந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பஸ் மதியம்தான். டாக்டரம்மா பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ஊரில் ஐஸ் கிடைக்கும் இடம் ஒன்றுதான், சோடாக்கடை பாய். கடை பூட்டியிருந்தது. அன்று அவர் மகளுக்குக் கல்யாணம். வீட்டு வாசல் பந்தலில் டாக்டரம்மா தயங்கி நின்றுவிட்டார். மீன் நாற்றத்தோடு நான்தான் உள்ளே போனேன்.

“பாய், ஐஸ் வேணும். கொக்கு ரத்தம் கெட்டுப்போவுது.”

“கொக்கு ரத்தமா? நல்ல நாள் பாத்து வந்தப்பா நீ!”

விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அவர் மச்சான் குறுக்கே விழுந்தார். “திண்டிவனத்துலருந்து வந்ததே ரெண்டு பாளம். மாப்ள வூட்டுக்காரங்களுக்கு சுடத்தண்ணியிலயா சர்பத்து குடுக்கறது?”

பாய் வாசலுக்கு வந்து டாக்டரம்மாவிடம் கேட்டார். “கொழந்தைங்களுக்கு அந்தக் காய்ச்சல் எங்கருந்து வருதுன்னு இதுல தெரிஞ்சிடுமாம்மா?”

“தெரியலாம் பாய். நிச்சயமா சொல்ல முடியாது.”

அவர் நேராகக் கொல்லைக்குப் போய், உமியில் புதைத்துவைத்த இரண்டு பாளங்களையும் சாக்கோடு இழுத்துவந்து, தானே உடைத்துப் பெட்டியில் போட்டார். போட்ட கையோடு இரண்டு பிடி கல்லுப்பையும் அள்ளித் தூவினார்.

“ஐயோ பாய், உப்பு வேணாம்!” டாக்டரம்மா கத்தியதில் பந்தலில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள்.

“உப்பு போட்டாத்தாம்மா குளிரு நல்லா புடிக்கும். குல்பிக்கு அப்படித்தான் போடுவோம்.”

“குல்பி ஒறையணும், ரத்தம் ஒறையக்கூடாது பாய். ஒறைஞ்சா சிவப்பணு ஒடஞ்சிடும், அப்புறம் சோதிக்கவே முடியாது. ஜில்லுன்னு இருந்தா போதும்.”

“கொக்குல குல்பி போடப் பாத்தாரு எங்க மச்சான்!” என்றார் அந்த மச்சான். பந்தலே சிரித்தது. பாயும் சிரித்துக்கொண்டே ஐஸை எடுத்துக் கழுவி, உப்பில்லாமல் மறுபடி அடுக்கிக் கொடுத்தார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனேன். ஆய்வுக்கூடத்தில் கதவைத் திறந்து பெட்டியை வாங்கியவர் ஐஸுக்குள் விரலை விட்டுப் பார்த்து, “நல்லா இருக்குது” என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சோதனை முடிய வாரங்கள் ஆயின. சில குஞ்சுகளின் ரத்தத்தில் தடயம் இருந்தது. மழைக்கு முன்பே ஏரியைச் சுற்றிய ஊர்களில் கொசு மருந்து அடிக்க ஆட்கள் வந்தார்கள். அந்தச் செய்தியையும் ஐஸுக்கான காசையும் எடுத்துக்கொண்டு சோடாக்கடைக்குப் போனேன். பாய் செய்தியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். காசைத் தொடவில்லை.

“கொக்குக்கு நான் வெச்ச மொய்னு எழுதிக்கோப்பா” என்று ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார். இன்றைக்கும் அவர் முகத்தை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

மச்சான் தெருமுனை வரை கூடவே வந்தார். “அவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். சர்பத்து ஜில்லுன்னு இல்லன்னா பந்தியில ஒக்கார மாட்டோம்னு சம்மந்தி மொறச்சிக்கினாரு. டாக்சி வெச்சிக்கினு திண்டிவனம் ஓடி ஐஸ் எடுத்தாந்தேன் தம்பி. எல்லாம் சேத்து இருவத்திரெண்டு ரூபா” என்று என் சட்டைப்பையைப் பார்த்தார்.