மூன்றாம் வகுப்பு ரிப்பன்

என் அக்கா கிளாரிபெல் தன் வாழ்நாளில் அடக்கமாக இருந்தது ஒரே ஒரு வருடம்தான். அதற்கான ஆதாரம் இலோயிலோ நகரில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் முப்பத்திரண்டு வருடமாகத் தொங்குகிறது. சிவப்பு சாட்டின் ரிப்பன், அதில் பொன்னிற எழுத்தில் ‘மிக அடக்கமான மாணவி, மூன்றாம் வகுப்பு.’

அந்தச் சுவரில் பல்லிக்குக்கூட இடம் கிடையாது. பிள்ளைகளுக்குக் கிடைத்த எந்தக் காகிதமானாலும் நானாய், அதாவது எங்கள் அம்மா, லேமினேட் செய்து மாட்டிவிடுவாள். நான் ஆறாம் வகுப்பில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாமில் பேனர் பிடித்ததற்கான சான்றிதழும், என் ‘சுத்தமான மாணவன்’ ரிப்பனும் அங்கே இருக்கின்றன.

அந்த ஒரு வருடத்தை விட்டால் அக்காவின் வரலாறு வேறு மாதிரி. எங்கள் மாமா மகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்கக் கிளம்பியவள், வேறு கோயிலுக்குப் போய் முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்கு நின்றுவிட்டு வந்தாள். மெழுகுவர்த்தி கொடுத்தார்களாம், பிடித்துக்கொண்டாளாம். நின்றது நின்றதுதான். அந்தப் பையனுக்கு இன்றைக்கும் கிறிஸ்துமஸ் பரிசு போகிறது.

இப்படிப்பட்டவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. போன ஜூனில் முழு வகுப்பின் மதிப்பெண் தாள்களையும் ஜீப்னி என்னும் ஷேர் வண்டியில் விட்டுவிட்டு இறங்கினாள். தலைமையாசிரியை கூப்பிட்டு, இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தையும் அக்கா தொலைத்தாள். அப்போதுதான் அவளுக்கே பயம் வந்தது. நான்கு மாதம் காத்திருந்து மனநல டாக்டர் சுமகாய்சாயைப் பார்த்தாள்.

டாக்டருக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காத கோளாறு, என்ற சந்தேகம் இருந்தது. ஆனால் அது பெரியவளான பிறகு திடீரென்று முளைப்பதில்லை, சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும், வளர்த்தவர் வந்து சொல்ல வேண்டும் என்று ஒரு படிவத்தை அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினார்.

அங்கேதான் கோளாறு. எங்கள் ஊர் அம்மாக்களிடம் பிள்ளையைப் பற்றி ஒரு படிவத்தைக் கொடுத்தால், அதை நன்னடத்தைச் சான்றிதழாகத்தான் நிரப்புவார்கள். பதினெட்டுக் கேள்வி. பொருளைத் தொலைப்பாளா, இடத்தில் உட்காரமாட்டாளா, பேச்சில் குறுக்கிடுவாளா? அம்மா பதினெட்டுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று அழுத்தி டிக் போட்டாள். போதாதென்று பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு, சுவரிலிருந்து ரிப்பனைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டாள். வண்டி ஓட்டியது நான்.

“நானாய், இவங்க சின்ன வயசுல பொருள் ஏதாவது தொலைப்பாங்களா?” என்று டாக்டர் கேட்டார். எங்கள் ஊரில் வயதான பெண்கள் எல்லாருமே நானாய்தான்.

“என் பொண்ணா? குண்டூசியக்கூட தொலைக்க மாட்டா.”

அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் தட்டி, வரவேற்பில் கிடந்ததாக அக்காவின் கைபேசியை நீட்டினாள். அன்றைக்கு அது இரண்டாவது தடவை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் படிவத்தைப் புரட்டினார். “இதுல இருக்கிறபடி பார்த்தா, இவங்களுக்கு ஏடிஎச்டின்னு என்னால எழுத முடியாது.”

அம்மா வெற்றிப் புன்னகையோடு ரிப்பனை மேசைமேல் வைத்தாள்.

அக்கா அதையே பார்த்தாள். “நானே சொல்லணும்னு நெனச்சேன் டாக்டர். மூணாங்கிளாஸ்ல என்னால முடிஞ்சிருக்கு. அந்த வருஷம் நான் அப்படி என்னதான் பண்ணேன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன். ஒரு வருஷம் முடிஞ்சவளுக்கு மத்த வருஷம் ஏன் முடியல? அப்போ இது திமிருதானே? சோம்பேறித்தனம்தானே?”

எனக்கு அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. அவளை நான் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்திருக்கிறேன். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். உள்ளே இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

அம்மா ரிப்பனைப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள். பிறகு வெளியே எடுத்தாள்.

“இது ஸ்கூல்ல குடுத்தது இல்ல.”

ரிப்பனை விரலால் நீவிக்கொண்டே மேலே சொன்னாள்.

“நாப்பத்தாறு பிள்ளைங்க. எல்லாருக்கும் ஏதோ ஒரு ரிப்பன். இவளுக்கு மட்டும் என்ன குடுக்கிறதுன்னு டீச்சருக்குத் தோணவே இல்லையாம். மறுநாள் விழா. இவ வெள்ளை கவுனப் போட்டுக்கிட்டு, மேடையில எப்படி நடக்கணும்னு கூடத்துல நடந்து பாக்குறா. நான் என்ன பண்ணுவேன்? என் உள்பாவாடையக் கிழிச்சுத் தைச்சேன். டீச்சர் கையில குடுத்து, தயவுபண்ணிப் பேரக் கூப்பிடுங்கன்னு கெஞ்சினேன்.”

“ஏன் நானாய் ‘அடக்கம்’னு எழுதின?” என்றாள் அக்கா.

“எனக்கு அதுதானடி வேணும்னு இருந்துச்சு.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “அப்போ என் ‘சுத்தமான மாணவன்’ ரிப்பன்?”

“அது நெசம்தான்டா. அதையெல்லாம் யாரு உக்காந்து தைப்பாங்க?”

அக்கா அம்மாவின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். “அந்த வருஷமும் நான் அடங்கி இருக்கலையா?”

“ஒருநாள்கூட இல்ல. ஜன்னல் வழியா ரெண்டு தடவ குதிச்ச. ஒரு தடவ பாதர் தலையிலயே.”

இதைவிட நல்ல வார்த்தையை யாரும் அவளிடம் சொன்னதில்லை போல. மூக்கு ஒழுக ஒழுக அழுதாள், நடுவே சிரித்தாள். டாக்டர் பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதியதை எடுத்தார். ஆரம்பித்த அம்மாவை நிறுத்த முடியவில்லை. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தது, வாத்து வாங்கப் போய் வாத்தோடு ஊர்வலத்தில் கலந்துவிட்டது, விளக்குமாற்றால் தான் அடித்த அடிகள் வரைக்கும் சொன்னாள். அடித்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. ஏடிஎச்டிதான். மாத்திரை தொடங்கியது. பள்ளியில் பதிவேடுகளைப் பக்கத்து வகுப்பு ஆசிரியை எடுத்துக்கொள்ள, அவருடைய நடனக் குழுவை அக்கா எடுத்துக்கொண்டாள். வேலை தப்பியது. போன வாரம்கூடக் குடையைத் தொலைத்தாள். ஆனால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் தேடினாள்.

டாக்டரின் அறிக்கையை அம்மா சந்தை முனையில் லேமினேட் செய்து கொண்டுவந்து, ரிப்பனுக்குப் பக்கத்தில் மாட்டினாள். போன ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “இது என்ன பட்டம்?” என்று கேட்டாள்.

அம்மா நூடுல்ஸ் தட்டை அவள் கையில் கொடுத்தாள். “நான் தைக்காதது. இது என் பொண்ணு நெசமாவே வாங்கினது.”