ரவுண்டானா அம்மன்

எண்ணூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் அந்த ஒல்லி மனிதர், ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். ரவுண்டானா சிலை நெருங்கும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். ஆற்றுநீரில் கண்ணுக்குத் தெரியாமல் பல கைகளோடு வாழும் ஓர் உயிரைப் பெரிதாக்கி, அந்தத் தொழிற்சாலை வைத்த சிமெண்ட் சிலை அது.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"மைக்ராஸ்கோப்ல பார்த்து நான்தான் சார் வரைஞ்சு குடுத்தேன். இப்போ எங்க கழிவு கலந்து, ஆத்துல இது ஒண்ணுகூட இல்ல. தண்ணி சுத்தம்னு கையெழுத்துப் போடறதும் நான்தான்."

அதற்குள் சிலைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு ஒரு மீன்கார அம்மாள் பஸ்ஸில் ஏறினார். எல்லோருக்கும் குங்குமம் கொடுத்தவர், இவரிடமும் நீட்டினார்.

"இட்டுக்கோ நைனா. நம்ம ஆத்து அம்மன். மீனு குடுக்கும்."

வாங்கிக்கொண்டார். நெற்றியில் இடவில்லை. இறங்கும்வரை அந்தக் கையை அவர் திறக்கவே இல்லை.