பட்டாபிராமனின் இரு துண்டு வில்

வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பட்டாபிராமன், மாலையில் வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் இழைப்புளியைக் கையில் எடுப்பார். காளிகாட்டில் அவர் குடியிருந்த மாடிப் பகுதியில் அவர் கைபடாத மரச் சாமான் குறைவு. கொலுப்படி, கொசுவலைச் சட்டம், காலொடிந்து மறுபடி கால் முளைத்த முக்காலி என்று எதைத் தடவிப் பார்த்தாலும் அவருடைய இழைப்பு தெரியும். தச்சு வேலை அவருக்குக் குலத்தொழிலும் அன்று. யாரும் கற்றுக் கொடுத்ததும் அன்று. கும்பகோணத்திலிருந்து வேலை கிடைத்து வந்த முதல் மழைக்காலத்தில் வாசற்கதவு உப்பிப்போய்ச் சாத்த மறுத்தது. ஆள் கிடைக்கவில்லை. இழைப்புளி ஒன்றை வாங்கி வந்து தாமே இழைத்தார். கதவு சாத்திக்கொண்டது, பழக்கம் ஒட்டிக்கொண்டது.

கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் விஜயதசமி மாலையில் பவானிபூரில் லக்ஷ்மிநாராயணன் வீட்டு முற்றத்தில் கூடுவது வழக்கம். ஊர்க் கோயிலில் சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளி அம்பு போடுவதை இங்கே சுருக்கமாகச் செய்துகொள்வார்கள். முற்றத்தில் ஒரு வாழைமரம் நடப்படும். மதராஸ் மெயிலில் யாராவது கொண்டுவந்த வன்னிக் கொப்பை அதில் கட்டுவார்கள். கோதண்டராமர் படத்துக்குப் பூஜை முடிந்ததும் ராமர் சார்பில் ஒருவர் வாழைமரத்தின்மேல் அம்பு விடுவார். பெயரில் ராமன் இருக்கிறது, மரவேலையும் தெரிகிறது என்று அந்தப் பொறுப்பைப் பட்டாபிராமன் தலையில் கட்டியிருந்தார்கள்.

சென்ற ஆண்டு அது நல்லபடியாக நடக்கவில்லை. பச்சை மூங்கிலை வளைத்துக் கட்டிய நெடிய வில்லைப் பார்த்ததும் டிராம் கண்டக்டர் ஏறக்கூடாது என்று கையைக் காட்டிவிட்டான். வழியில் ஒரு போலீஸ்காரனும் நிறுத்திக் கேள்வி கேட்டான். வெடிகுண்டுப் பேச்சாக இருந்த காலம் அது. வியர்த்து விறுவிறுத்து நடந்தே போய்ச் சேர்ந்து அம்பைத் தொடுத்தார். அது இரண்டு முழம் பறந்து, கோதண்டராமர் முன் வைத்திருந்த தாம்பூலத் தட்டில் வெற்றிலைமேல் விழுந்தது. குழந்தைகள் சிரித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. லக்ஷ்மிநாராயணன் அதே அலுவலகத்தில் எதிர் மேஜைக்காரர் என்பதுதான் சங்கடம். ஆண்டு முழுவதும் பட்டாபிராமன் பேனாவை மையில் தோய்த்து நிமிரும்போதெல்லாம் அவர் கரிசனத்தோடு கேட்பார்: "ஓய், தட்டை நகத்தி வெக்கட்டுமா?"

அம்பு வாழைமரத்தில் தைக்க வேண்டும். அது தைக்காதவரை அந்தத் தட்டு தம்மை விடாது என்று பட்டாபிராமனுக்குத் தெரிந்துபோயிற்று.

வழி அலிப்பூரில் கிடைத்தது. காகிதங்களில் கையொப்பம் வாங்க ஒரு துரையின் பங்களாவுக்குப் போனவர், தாழ்வாரத்தில் துரைசானியின் வில்லைக் கண்டார். அது நடுவில் இரண்டாகக் கழன்று, வண்டியில் கொண்டுபோவதற்கான சிறிய பெட்டிக்குள் அடங்கிக் கிடந்தது. இரு துண்டுகளையும் இணைப்பது ஒரு பித்தளைப் பூண்தான். துரை கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அவர் அதைக் கண்ணாலேயே அளந்துவிட்டார்.

ஆதிகங்கைக் கரை மூங்கில் மண்டியில் முற்றிய மூங்கிலாகப் பார்த்து வாங்கி, மழைக்காலம் முழுவதும் சமையலறைப் பரணில் புகை படும்படி போட்டு உலர்த்தினார். ஏலத்தில் எடுத்த நாற்காலியின் ஈட்டிமரக் கையை அறுத்து இரண்டு அடிக்கட்டைகள் செய்தார். பிளந்த மூங்கில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கட்டையில் பசையிட்டுப் பொருத்தி நூல் சுற்றினார். மேல்துண்டின் கட்டையில் ஒரு முளை. கீழ்த்துண்டின் கட்டையில், கன்னார் தெருவான கன்சாரிபாடாவில் செய்து வாங்கிய பித்தளைப் பூண். முளையைப் பூணுக்குள் செருகித் திருகினால் முழு வில். இழுத்தால் இரண்டு கழி. மெழுகிட்ட பட்டு நூலை முறுக்கி நாண் செய்தார்.

எல்லாம் அமைந்தும் ஒரு குறை இருந்தது. நாணேற்றி இழுத்தால் இணைப்பு கிறீச்சிட்டு ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. பூண் தளர்வு என்று முடிவு செய்தார். அதன் குறுக்கே துளையிட்டு ஓர் ஆணியை இறுக்கிவிட்டால் சரியாகிவிடும். பிறகு கழற்ற முடியாதே என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் தட்டில் விழுவதைவிட நடந்து போவது மேல். அந்த வேலையைப் பூஜை விடுமுறைக்கு என்று ஒதுக்கிவைத்தார். கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்குப் பூஜை என்றால் அலுவலகம் மூடியிருக்கும், மரவேலைக்குப் பகல் முழுதும் கிடைக்கும் என்பதே நினைவு.

நவமியன்று குளித்துவிட்டு வந்தவர் தேடிப் பார்த்துவிட்டு மனைவியை அழைத்தார்.

"நாகு, அரம் எங்கே?"

"சரஸ்வதிக்கு முன்னாலே."

"துளைபோடற ஊசி?"

"அதுவும்தான். இழைப்புளி, உளி, உங்க பேனா எல்லாம் அங்கேதான். இன்னிக்கு என்ன நாள்னு நினைச்சேள்?"

பட்டாபிராமன் கொலுவைப் பார்த்தார். அடிப்படியில் புத்தகங்களின்மேல் ஆயுதங்கள் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேல், இழுப்புத் தாங்குகிறதா என்று பார்க்க அவர் முதல்நாள் நாணேற்றி வைத்திருந்த வில், அப்படியே சுவரில் சாய்ந்து நின்றது. அதற்கு ஒரு செவ்வந்திச் சரம் வேறு.

"வில்லையும் வெச்சுட்டியா?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்தை வெக்காம அப்பளக் குழவியையா வெப்பா?"

"நாணையாவது அவுத்துடறேனே. ராத்திரி பூரா பூட்டியிருந்தா மூங்கில் சோர்ந்து போயிடும்."

"புனர்பூஜை ஆகறவரைக்கும் தொடக்கூடாது" என்றாள் நாகலக்ஷ்மி. "சோர்ந்தா சோரட்டும். நீங்களும் ஒரு நாள் சோர்ந்து உக்காருங்கோ."

படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. சுண்டலைத் தின்றுவிட்டு எதிரே பாயில் உட்கார்ந்து வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மாலைக்குள் என்ன செய்ய முடியும் என்ற கவலை முதலில் இருந்தது. பிற்பகலில் அதுவும் தூங்கிப்போயிற்று. தெருக்கோடியில் துர்க்கை பந்தலிலிருந்து டாக் என்னும் மேளத்தின் முழக்கம் விட்டுவிட்டுக் கேட்டது.

விளக்கு வைத்தாயிற்று. குத்துவிளக்கின் ஐந்து முகமும் எரிந்தபோது வில்லின் நிழல் சுண்ணாம்புச் சுவரில் பெரிதாக எழுந்தது. பட்டாபிராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல்பாதி நிழல் பிறைபோல் வளைந்திருந்தது. கீழ்ப்பாதியோ பூணை ஒட்டிய இடத்தில் வளையாமல் கம்பாக நின்று, நுனியில் மட்டும் சட்டென்று மடங்கியது. கையில் பிடித்துப் பார்த்த நாட்களிலெல்லாம் கண்ணில் படாதது, சுவரில் முழ நீளத்துக்கு விரிந்து நின்றது. பூணில் குற்றமே இல்லை. கீழ் மூங்கிலில் தடிப்பு மிச்சம். அது வளைய மறுத்ததால்தான் இணைப்பு முறுக்கிக்கொண்டது. காலையில் அரம் கைக்குக் கிடைத்திருந்தால் ஆணியடித்து ஈட்டிமரத்தையே பிளந்திருப்பார்.

அந்த இடத்தை அடையாளம் செய்ய எழுந்தவர் பாதியில் நின்றார். பென்சிலும் பூஜையில் இருந்தது.

"நாகு, வில்லுக்குச் சந்தனம் இட்டியோ?"

"ஒரு பொட்டு இட்டேனே."

"இன்னும் இடலாமே. வேண்டாம்னு சாஸ்திரம் இல்லையே."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு கொலுவண்டை போனாள்.

"எங்கே?"

"பூணுக்குக் கீழே. இன்னும் கீழே. அங்கேதான், ஒரு பொட்டு. ஒரு சாண் தள்ளி இன்னொண்ணு. நடுவிலே நன்னா குழைச்சுப் பூசு."

"சரஸ்வதிக்கே இவ்வளவு சந்தனம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே பூசினாள். அவர் நிழலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் விரல் பிசகாமல் நகர்ந்தது.

மறுநாள் காலையில் புனர்பூஜை முடிந்து, தயிர்சாதம் நைவேத்தியம் ஆயிற்று. கற்பூரம் அணைந்த கையோடு பட்டாபிராமன் இழைப்புளியை எடுத்தார். சந்தனம் இருந்த இடத்தில் மட்டும் மெல்லிசாகச் சீவினார். வாசனையோடு சுருள் சுருளாக மூங்கில் விழுந்தது. நாணேற்றி இழுத்தார். கிறீச்சொலி இல்லை, இரு பாதியும் ஒன்றுபோல் வளைந்தன. அம்பு விட்டுப் பார்க்கத்தான் அந்தச் சந்தில் இடமில்லை.

இரண்டு கழிகளையும் அம்பையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மனைவியோடு டிராமில் ஏறினார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தானேயொழிய மூட்டையைப் பார்க்கவில்லை. பவானிபூர்ச் சாலையில் துர்க்கையைக் கங்கையில் கரைக்கக் கொண்டுபோகும் விஸர்ஜன ஊர்வலம் குறுக்கிட்டு டிராம் நின்றபோது போலீஸ்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து, மூட்டையைக் காட்டி, "க்யா ஹை, பாபு?" என்றான். "பூஜா கா சாமான்" என்றார் பட்டாபிராமன். அது பொய்யுமில்லை.

முற்றத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மூட்டையைக் கண்ட லக்ஷ்மிநாராயணன், "ஓய், வில்லு எங்கேங்காணும்? குழல் கச்சேரி பண்ணப் போறீரா?" என்றார். பட்டாபிராமன் மூட்டையை அவிழ்த்து முளையைப் பூணில் செருகித் திருகி, நாணேற்றினார். அதைப் பார்த்தபின்னும் லக்ஷ்மிநாராயணன் அசரவில்லை. கோதண்டராமருக்கு முன்னிருந்த தாம்பூலத் தட்டை இரு கையாலும் தூக்கி, எல்லாரும் பார்க்கும்படி தாழ்வாரத்தின் கோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. நாகலக்ஷ்மி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பூணுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டாபிராமன் படத்தைச் சேவித்துவிட்டு அம்பைத் தொடுத்தார். நாண் காதுவரை வந்தது. கை விட்டது தெரியவில்லை. வாழைமரத்தில் பொத்தென்ற ஓசைதான் கேட்டது. வன்னிக் கொப்புக்கு நான்கு விரற்கடை கீழே அம்பு நின்று நடுங்க, துளையிலிருந்து வாழைநீர் கசிந்தது.

பிறகு லக்ஷ்மிநாராயணன் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்த் தட்டை எடுத்துவந்து, ராமருக்கு முன் பழைய இடத்திலேயே வைத்தார். வெற்றிலையைச் சரியாக அடுக்கினார்.

"வில்லை இப்படிக் கொடும் ஓய்" என்றார். "எப்படிக் கழலறதுன்னு பாப்போம்."